மாரடைப்பு நேரத்தில் செய்ய வேண்டியவை: தவறான அறிவுரைகளை விலக்கிய வழிகாட்டி

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் பலமாக இருமுங்கள் என்ற செய்தி வந்து சேராத வாட்ஸ்அப் குழு தமிழில் அரிது. வெந்நீரில் மிளகாய்த்தூளைக் கலந்து கொடுத்தால் ஒரே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பதும், நாக்கின் அடியில் ஆஸ்பிரின் வைத்துக்கொண்டால் போதும் என்பதும், குறைந்த விலையில் மூன்று மாத்திரைகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தால் மருத்துவமனைக்கே போக வேண்டியதில்லை என்பதும் ஏதாவதொரு மருத்துவரின் பெயரைத் தாங்கிக்கொண்டு அவ்வப்போது வலம்வருகின்றன. இவற்றுள் சில முழுப்பொய். சில, மருத்துவமனைக்குள் குறிப்பிட்ட சூழலில் மட்டும் பொருந்துகிற ஓர் உண்மையின் சிதைந்த வடிவம். வேறு சில, சரியான மருந்தைத் தவறான முறையில் பயன்படுத்தச் சொல்பவை. ஆனால் இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுவான தீங்கு, நோயாளியை ஈசிஜி கருவியிடம் கொண்டுசேர்த்திருக்க வேண்டிய அரை மணி நேரத்தை வீட்டுக்குள்ளேயே கரைத்துவிடுவதுதான்.

முதலுதவிப் பயிற்சி எதுவும் பெறாத ஒருவர், தம் வீட்டிலோ பணியிடத்திலோ இப்படியொரு நிலை வந்தால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது. பரவியிருக்கும் தவறுகளை, அவை எந்தக் கட்டத்தில் குறுக்கிடுமோ அந்த இடத்திலேயே எடுத்துப் பேசுவது வசதியாக இருக்கும்.

தொடங்கும் முன்: இரண்டு வேறு நெருக்கடிகள்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளில் ஒன்று, பெரும்பாலும் இரத்தக் கட்டி உருவாவதால், திடீரென அடைபடுவதே மாரடைப்பு. அந்தத் தமனியை நம்பியிருந்த தசைப்பகுதி ஆக்சிஜன் கிடைக்காமல் சிறிது சிறிதாக அழியத் தொடங்குகிறது. ஆனால் அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நோயாளி பெரும்பாலும் நினைவுடன் இருக்கிறார், பேசுகிறார், சில வேளைகளில் தானே நடந்து மருத்துவமனைப் படியேறவும் செய்கிறார். இதயத் துடிப்பு நின்றுபோவது இதிலிருந்து வேறுபட்டது. இதயத்தின் மின்னியக்கம் தாறுமாறாகி, தசை சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும்போது மூளைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. சில விநாடிகளிலேயே அவர் நினைவிழந்து சரிகிறார், இயல்பான மூச்சும் நின்றுவிடுகிறது. மாரடைப்பு இந்த இரண்டாவது நிலையில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதும், அந்த அபாயம் முதல் சில மணி நேரங்களில்தான் மிகுதி என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்வதால் பயனில்லை.

பரவும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன. நினைவுடன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் படுக்கவைத்து மார்பை அமுக்கத் தொடங்குபவர்களும் உண்டு. மூச்சின்றிக் கிடப்பவரின் வாயில் மாத்திரையைத் திணிப்பவர்களும் உண்டு. எனவே எதைச் செய்யும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அவர் நினைவுடன் இருக்கிறாரா? இயல்பாக மூச்சுவிடுகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்பது விடையானால் கீழே வரும் முதல் நான்கு படிகள் அவருக்குரியவை. இல்லை என்பது விடையானால் நேராக ஐந்தாம் படிக்குச் செல்ல வேண்டும்.

இருமல் அறிவுரை பிறந்ததும் இந்தக் குழப்பத்தில்தான். 1999 வாக்கில் ஆங்கில மின்னஞ்சலாகச் சுற்றத் தொடங்கிய அந்தச் செய்தி, மாலையில் வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டிவரும் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கத் தொடங்குவதாகவும், நினைவிழக்க அவருக்குப் பத்து விநாடிகளே இருப்பதாகவும், இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஆழ்ந்து மூச்சிழுத்து இருமினால் இதயம் பிழிந்துவிடப்பட்டு இரத்தம் ஓடும் என்றும் சொன்னது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர் பொது மருத்துவமனையின் பெயர் அதில் இருந்தது. தங்களுக்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பில்லை என்று அம்மருத்துவமனை மறுத்துவிட்டது. அமெரிக்க இதயச் சங்கமும் இம்முறையைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. அதன் பின்னால் இருக்கும் உண்மைத் துகள் 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரைலி என்ற அமெரிக்க இதயநோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருந்தபோது இதயத் துடிப்பு தாறுமாறான சில நோயாளிகள், மருத்துவர் சொன்னபடி தொடர்ந்து இருமியதால் சிறிது நேரம் நினைவிழக்காமல் இருந்ததை மருத்துவ இதழ் ஒன்றில் பதிவுசெய்தார்கள். அந்த நோயாளிகளின் உடலில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது; துடிப்பு மாறிய நொடியிலேயே மருத்துவருக்குத் தெரிந்தது; மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி கையெட்டும் தொலைவில் இருந்தது. சாலையில் வண்டியோட்டுபவருக்கு இந்த மூன்றில் எதுவும் கிடையாது. அவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் இதயம் துடிக்கிறது என்றே பொருள். இருமுவதால் தமனியில் உள்ள கட்டி கரையாது. அவர் செய்ய வேண்டியது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, உதவிக்கு அழைப்பது. தனியாக வீட்டில் இருப்பவரானால், அழைத்த பிறகு வாசற்கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவைத்துவிட்டுக் கதவருகே உட்கார்ந்துகொள்வது, இருமுவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

முதற்படி: வாயு என்று ஒதுக்காமல் அடையாளம் காணுதல்

திரைப்படங்களில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறி விழுவது மாரடைப்பின் வழக்கமான தோற்றம் அன்று. பலர் அதை வலி என்றுகூடச் சொல்வதில்லை. நெஞ்சின் நடுவில் பாரம், அழுத்தம், இறுக்கம், எரிச்சல் என்றே சொல்கிறார்கள். அது சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கலாம், அல்லது விட்டுவிட்டு வரலாம். இடது கைக்கு மட்டுமே பரவும் என்ற நம்பிக்கை தவறு; வலது கை, இரு தோள்கள், தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு ஆகிய எந்த இடத்துக்கும் பரவலாம். காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவை உடன் வந்தால் ஐயம் வலுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களிடமும், முதியவர்களிடமும், பெண்களிடமும் நெஞ்சுவலி மிகக் குறைவாக இருந்து, திடீர் மூச்சிரைப்போ விளக்க முடியாத சோர்வோ மட்டும் தலைகாட்டுவது உண்டு. பெண் என்பதாலோ நாற்பது வயதுக்குட்பட்டவர் என்பதாலோ மாரடைப்பாக இருக்காது என்று முடிவுகட்டக் கூடாது.

நம் வீடுகளில் நேரத்தை மிகுதியாக விழுங்குவது 'வாயுப் பிடிப்பு' என்ற முடிவுதான். சோடா, ஓமத்திரவம், இஞ்சிச்சாறு, பூண்டுப்பால், ஜெலுசில், பிறகு முதுகில் தைலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். செரிமானக் கோளாறும் நெஞ்செரிச்சலை உண்டாக்கும் என்பது மெய்யே. ஆனால் இரண்டையும் வீட்டில் வைத்துப் பிரித்தறிய வழியில்லை. ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. அமில நீக்கி மருந்தைக் குடித்ததும் ஏப்பம் வந்து சற்றே தணிந்தது என்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஏனெனில் மாரடைப்பின் வலியே ஏறி இறங்கக்கூடியது.

வீட்டில் உள்ள கருவிகளையும் இதற்கு நம்பக் கூடாது. இரத்த அழுத்தமானி இயல்பான அளவைக் காட்டலாம். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் 98 என்று காட்டலாம். மாரடைப்பு அப்போதும் நடந்துகொண்டிருக்கலாம். கைக்கடிகாரத்தில் உள்ள ஈசிஜி, துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டறியப் பயன்படுவது. தமனி அடைபட்டிருக்கிறதா என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

இரண்டாம் படி: 108-ஐ அழைத்தல்

ஐயம் எழுந்தவுடன் அழைக்க வேண்டும். உறுதியாகும் வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது. இலங்கையில் இருப்போர் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்களை அழைக்க வேண்டும். நெஞ்சுவலி என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டு, முகவரியுடன் அருகில் உள்ள கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம் போன்ற அடையாளம் ஒன்றையும் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். தெருமுனையில் ஒருவரை நிறுத்திவைப்பது, குறுகிய தெருக்கள் உள்ள ஊர்களில் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடங்களில் காரிலோ ஆட்டோவிலோ கொண்டுசெல்வதில் தவறில்லை. ஆனால் நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. இருவருக்கு நடுவில் அவரை உட்காரவைத்து இருசக்கர வாகனத்தில் கொண்டுசெல்வது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. வழியில் அவர் நினைவிழந்தால் மூவரும் விழுவதோடு, அங்கே எந்த உதவியும் செய்ய முடியாமற்போகும். மாடி வீடானால் அவரைப் படியிறங்கி நடக்கவைக்காமல் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்க வேண்டும். 'கொஞ்சம் நடந்து பாருங்கள், வாயுவானால் கலைந்துவிடும்' என்பது கேட்டவுடன் மறுக்க வேண்டிய அறிவுரை. அடைபட்ட தமனியுடன் இருக்கும் இதயத்தின் வேலையை நடை கூட்டுகிறது.

எங்கே கொண்டுசெல்வது என்பதிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தமனியைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைக்கும் பெரிய மருத்துவமனைக்கு மட்டுமே போக வேண்டும் என்று எண்ணி, இரண்டு மணி நேரப் பயணத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அடைபட்ட தமனியைக் குழாய் செலுத்தி விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி உரிய நேரத்தில் கிடைக்குமானால் அதுவே சிறந்த சிகிச்சை. அதற்கான இடம் தொலைவில் இருந்தால், ஈசிஜி எடுத்துக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் சென்று, அங்கிருந்து மேல்சிகிச்சைக்குச் செல்வதே முறை. இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தை வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் கடக்கக் கடக்க அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போயிற்று. சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மையங்களையும் ஒரே வலையமைப்பில் இணைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே 2012-க்கும் 2014-க்கும் இடையே நடந்தது. 2,420 நோயாளிகளை உள்ளடக்கிய அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாக இறங்கியது. கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை உரிய அளவில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

எனவே இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலிருந்து மிக அருகில் இரவிலும் ஈசிஜி எடுக்கும் இடம் எது என்பதை விசாரித்து, 108-க்குக் கீழே அதன் எண்ணையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாம் படி: உட்காரவைத்தல்

நினைவுடன் இருப்பவரைச் சுவரிலோ தலையணைகளிலோ சாய்த்து, முழங்கால்களை மடக்கி, அரைகுறையாகச் சாய்ந்த நிலையில் உட்காரவைப்பது மூச்சுவிட எளிது. இறுக்கமான சட்டைப் பொத்தான்களையும் இடுப்பு வாரையும் தளர்த்துங்கள். படுத்தால் உயிர் போய்விடும், எனவே படுக்கவே கூடாது என்று ஒரு செய்தி மிரட்டுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. மயக்கம் வருவதாகச் சொல்பவரையும், முகம் வெளிறிச் சரிபவரையும் தரையில் படுக்கவைப்பதுதான் சரி.

சோறோ, பாலோ, பழச்சாறோ எதையும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் ஏறக்கூடும். மிளகாய்த்தூள் நீர் இரத்தக் கட்டியை எவ்வகையிலும் தொடுவதில்லை. பூண்டு, எலுமிச்சை, தேன் கலந்த சாறு அடைப்பை நீக்கும் என்ற செய்தியும் அப்படியே. வீட்டில் ஆக்சிஜன் உருளை இருந்தாலும் அதைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் குறையாத மாரடைப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுப்பதால் உயிர் காக்கும் பலன் கூடவில்லை என்று 6,629 பேரிடம் நடத்தப்பட்ட சுவீடன் நாட்டு ஆய்வு 2017-இல் காட்டியிருக்கிறது.

நான்காம் படி: ஆஸ்பிரின், அதுவும் சரியான முறையில்

வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்துகளுள் உறுதியான சான்று உள்ளது ஆஸ்பிரின் ஒன்றுதான். 17,187 நோயாளிகளைக் கொண்டு 1988-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மாரடைப்பு ஐயத்துடன் வந்தவர்களுக்கு அன்றே தொடங்கி நாள்தோறும் 162.5 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததால், ஐந்து வாரங்களுக்குள் இதய, இரத்தநாளக் கோளாறுகளால் நேர்ந்த இறப்பு 23 விழுக்காடு குறைந்தது. இவ்வளவு மலிவான மாத்திரைக்கு இத்தகைய பலன் என்பதால்தான், இதைப் பற்றிய செய்திகளும் இவ்வளவு பரவுகின்றன.

அவை பிசகும் இடங்கள் மூன்று. ஆஸ்பிரினை நாக்கின் அடியில் வைப்பதால் பயனில்லை, விழுங்குவதும் போதாது, நன்றாக மென்று விழுங்கினால்தான் அது சில நிமிடங்களில் இரத்தத்தில் கலந்து வேலை செய்யும். அளவு 162 முதல் 325 மில்லிகிராம் வரை. டிஸ்பிரின் மாத்திரை ஒன்று ஏறத்தாழ இந்த மேல் எல்லையில் இருக்கிறது. அதைச் சிறிது நீரில் கரைத்தும் குடிக்கலாம். பலர் வீட்டில் வைத்திருக்கும் எக்கோஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையானால் நான்கு, 150 ஆனால் இரண்டு வேண்டும். வயிற்றில் கரையாதபடி மேற்பூச்சு பூசப்பட்ட மாத்திரை அது; ஆகவே மெல்லாமல் விழுங்கினால் பலன் மிகவும் தாமதமாகும். மூன்றாவது பிசகு, இது எல்லோருக்கும் ஏற்றது என்பது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர், வயிற்றுப்புண்ணில் இரத்தக்கசிவு உள்ளவர், அண்மையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகிய அறிகுறிகள் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அவருக்கும் ஆஸ்பிரின் கூடாது. ஐயம் இருந்தால் 108-இல் பேசுபவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மாத்திரை வீட்டில் இல்லையென்றால் மருந்துக்கடை தேடி அலைவதைவிட மருத்துவமனைக்குக் கிளம்புவதே நல்லது.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நான் தனியாகப் பிரித்துச் சொல்லக் காரணம், அதைப் பற்றித்தான் ஆபத்தான அலட்சியம் மிகுதியாக நிலவுகிறது. அது இரத்தநாளங்களை விரித்து வலியைத் தணிக்கும், கட்டியைக் கரைக்காது. இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கவும் செய்யும். மாரடைப்பு இதயத்தின் வலது கீழறையைத் தாக்கியிருந்தால் இந்த இறக்கம் உயிருக்கே உலைவைக்கலாம். ஆண்மைக் குறைவுக்காக சில்டினாஃபில் வகை மாத்திரையை முந்தைய ஓரிரு நாட்களில் எடுத்தவருக்கும் அப்படியே. இதை வீட்டாரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் மருத்துவரிடமாவது சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு அவருடைய மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் அவர் சொன்ன முறையில் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை இரவல் வாங்கி வைப்பது கூடாது. மூன்று மாத்திரைப் பொட்டலங்கள் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் இதுவும் ஒன்றாக இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மருந்துக்கடையில் சொல்லி வலி மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வதும் தவிர்க்க வேண்டியது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் மாரடைப்பு நேரத்தில் தீங்கையே கூட்டுபவை.

ஐந்தாம் படி: அவர் சரிந்து விழுந்தால்

தோள்களைத் தட்டி உரக்க அழைத்தும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் இதயத் துடிப்பு நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். நாடியைத் தேடிக்கொண்டிருப்பது பயிற்சி இல்லாதவருக்கு வீண்வேலை. மார்பை அமுக்குவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும் நடக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் எல்லாமே விநாடிக் கணக்கு.

இங்கே கண்ணை ஏமாற்றும் இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்று, துடிப்பு நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு வாயைத் திறந்து அவ்வப்போது இழுத்து விடும் மூச்சு. குறட்டைபோலவும் விக்கல்போலவும் ஒலிக்கும். 'மூச்சு இருக்கிறது' என்று இதைப் பார்த்துக் கைகட்டி நிற்பவர்கள் ஏராளம். அது மூச்சு அன்று. மார்பை அமுக்கத் தொடங்குவதற்கான அறிகுறி. இரண்டாவது, மூளைக்கு இரத்தம் நின்ற முதல் விநாடிகளில் கைகால்கள் சிறிது வெட்டி இழுப்பது. வலிப்பு என்று எண்ணி உடனே கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள், இரும்பைத் தேடி ஓடுகிறார்கள். வலிப்புக்கே சாவி எதுவும் செய்வதில்லை. இங்கோ அது உயிரோடு விளையாடுவது. இழுப்பு அடங்கியும் இயல்பாக மூச்சுவிடவில்லை என்றால் உடனே அமுக்கத் தொடங்க வேண்டும். முகத்தில் நீர் தெளிப்பது, வெங்காயத்தை முகரவைப்பது, உள்ளங்காலைத் தேய்ப்பது, கன்னத்தில் அறைவது, மார்பில் ஓங்கிக் குத்துவது ஆகியவையும் இதே வகைதான்.

ஒருவர் 108-ஐ அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைக்கட்டும். கட்டிலிலோ மெத்தையிலோ கிடந்தால் நோயாளியைத் தரைக்கு இறக்குங்கள். மெத்தையின் மேல் அமுக்கினால் அமுங்குவது மெத்தைதான். பக்கவாட்டில் மண்டியிட்டு, ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நட்டநடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வையுங்கள். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று எண்ணி இடது மார்பில் அமுக்குவது பரவலான தவறு. அங்கே அமுக்கினால் விலா எலும்புகள்தான் அமுங்கும், மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ள இதயம் சரியாகப் பிழியப்படாது. மற்றக் கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்து, முழங்கைகளை மடக்காமல், தோள்கள் நேர்மேலாக இருக்கும்படி உடல் எடையைக் கொண்டு அமுக்க வேண்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, அதாவது ஒரு விநாடிக்கு இரண்டைவிடச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும்; அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். இது களைப்பான வேலை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும் இடைவெளி சில விநாடிகளைத் தாண்டாதபடி.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கி ஒதுங்கிவிடுபவர்களுக்கு ஒரு செய்தி: திடீரெனச் சரிந்த பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர் மார்பை மட்டும் அமுக்கினால் போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படும். அமுக்கும்போது விலா எலும்பு முறியும் ஓசை கேட்கலாம். நிறுத்த வேண்டாம், எலும்பு பிறகு கூடிவிடும். தவறிப்போய்த் துடிப்பு இருப்பவருக்கே அமுக்கிவிட்டால் கொன்றுவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. நினைவிழந்து இயல்பான மூச்சின்றிக் கிடப்பவருக்கு அமுக்குவதால் பெருந்தீங்கு நேர்வது அரிது. அவர் கையை அசைத்தாலோ முனகினாலோ நிறுத்திக்கொள்ளலாம்.

இம்முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் 1960-இல் வெளியிட்டபோதே, இரண்டு கைகள் இருந்தால் எவரும் எங்கேயும் செய்யலாம் என்பதைத்தான் வலியுறுத்தினார்கள். விமான நிலையம், பெரிய வணிக வளாகம், சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளம் போன்ற இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி கிடைத்தால் உடனே கொண்டுவரச் செய்யுங்கள். திறந்தவுடன் அதுவே பேசி வழிநடத்தும்; துடிப்பை ஆராய்ந்து தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கும் என்பதால், தெரியாதவர் தொட்டால் ஆபத்து என்ற அச்சம் வேண்டாம். அதிர்ச்சி கொடுக்கும் நொடியில் யாரும் நோயாளியைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஆறாம் படி: மருத்துவமனையில்

வந்த பத்து நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ நெறி. வரிசையில் உட்காரச் சொன்னால் 'நெஞ்சுவலி' என்று உரக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் ஈசிஜி இயல்பாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று பொருள்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் கடைசிக் கட்டத்தில் நடக்கும் தவறு. சில மாரடைப்புகள் முதல் ஈசிஜியில் தெரிவதே இல்லை. சிறிது நேர இடைவெளியில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதயத் தசை சிதைவதால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதமும் உயரச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் அந்தப் பரிசோதனையும் இரண்டாம் முறை தேவைப்படலாம். மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

அங்கே உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை வழியிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நேரம் மிஞ்சும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது முதன்மையானது, சிகிச்சையைத் தீர்மானிப்பதே அதுதான். வீட்டில் கொடுத்த மாத்திரைகளின் பெயரும் அளவும், நாள்தோறும் எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றை அடுத்து எழுதுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போடுவதானால், முன்பு பக்கவாதம் வந்ததா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, தலையில் அடிபட்டதா, எங்காவது இரத்தக்கசிவு உண்டா என்று கேட்பார்கள். இவற்றில் எதையும் மறைக்கக் கூடாது. முந்தைய மாரடைப்பின்போது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போடப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அம்மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் இம்முறை டெனெக்டெப்ளேஸ் போன்ற வேறொரு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.